ஒருசொட்டு வைத்த ஒரே சட்டி

பட்டறைக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் அவரவர் வீட்டிலிருந்து யாராவது ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். "அரைப் பக்கம் போதும், அதுக்கு மேல அவரைப் பத்தி என்ன இருக்கு?" என்றாள் என் மகள். கேலிதான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வாய் இருக்கிறது, எழுதுவதற்குப் பேத்தி இருக்கிறாள். என் மாப்பிள்ளையைப் பற்றி நான்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். இது ஒரு பக்கத்தில் அடங்காது என்பதையும் முதலாளிக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். வெட்டுவதென்றால் வேறு யாருடையதையாவது வெட்டிக்கொள்ளட்டும்.

பட்டறையை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன். அங்கே வருவதெல்லாம் அடிபட்ட கார்கள். கதவு நசுங்கியது, மூக்கு மடிந்தது, பின்னால் எவனோ வந்து இடித்தது. தகரத்தைத் தட்டி நிமிர்த்த ஆள் இருக்கிறது, பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க அடுக்கு, அடுக்கு முழுக்க டப்பா, நடுவில் ஒரு தராசு. அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டு கலர் கலக்குகிறவர் என் மாப்பிள்ளை.

கலர் கலக்குவதில் என்ன இருக்கிறது, டப்பாவில் நம்பர் போட்டிருக்குமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். வெயிலிலும் மழையிலும் ஆறு வருடம் நின்ற வெள்ளைக் கார் வெள்ளையாகவா இருக்கும்? அடிபட்ட கதவுக்கு மட்டும் புது வெள்ளையை அடித்தால், பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி பல்லிளிக்கும். அந்தக் காரின் இன்றைய வெள்ளை என்னவோ, அதைக் கண்டுபிடித்துக் கலக்க வேண்டும். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு, ஏன், சிவப்புக்கூடப் போடுவாராம். கலந்ததை ஒரு அட்டையில் அடித்து, காய வைத்து, வெளியே வெயிலில் கொண்டுபோய்க் காரோடு ஒட்டிப் பார்ப்பார். "ஈரத்துல தெரியற கலர் பொய். காஞ்சதுக்கப்புறம் தெரியறதுதான் கலர்." இதுதான் அவர் வேதம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இன்னும் ஒரு சொட்டு" என்பார். மறுபடி அட்டை, மறுபடி வெயில், மறுபடி "இன்னும் ஒரு சொட்டு." பட்டறையில் அவருக்குப் பெயரே ஒருசொட்டு. வீட்டில் என் மகளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒருமுறை ஒரு வக்கீல் காரை எடுக்க வந்தவர், நாலு கதவையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு நின்றாராம். "நீங்க கதவை மாத்தவே இல்ல, என்னை ஏமாத்தறீங்க" என்று. எந்தக் கதவு மாற்றியது என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே புதுத் திருகாணியைக் காட்டித்தான் அனுப்பினார்கள். அதை அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார், அதுவும் நாங்கள் கேட்டதால். நானாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

இந்த மனிதரை நான் வேண்டாம் என்று சொன்னவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது. என் மகளைக் கேட்டு வந்த அன்று அவர் நகக்கண்ணெல்லாம் நீலம். "கையைக் கழுவிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டேன். "கழுவிட்டுத்தாங்க வந்தேன்" என்றார். எட்டு மாதம் நான் சம்மதிக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், நான் பெற்றவள் பிடித்த முயலுக்கு இரண்டே கால். அவள்தான் ஜெயித்தாள்.

அவர் சமையலறைக்குள் வந்தது என் கண் ஆபரேஷன் சமயம். அதுவரை அடுப்பு என் கையில் இருந்தது. மகளுக்குத் தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் வேலை. காலையில் போனால் மாலைதான். அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று எனக்கு மூன்று வாரம் தடை. மாப்பிள்ளை கரண்டியைப் பிடித்தார். முதல் நாள் முட்டை கருகியது, இரண்டாம் நாள் சட்டியே கருகியது. மூன்றாம் வாரம் முடிந்து நான் அடுப்பைத் திருப்பிக் கேட்டபோது அவர் தரவில்லை. எங்கே போய் எதைச் சாப்பிட்டாலும், சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கலர் கணக்கு எழுதுகிற சட்டைப்பை நோட்டின் பின்பக்கத்தில் பூண்டும் மிளகும் ஏறின. "மாமியார் கையை ஓரங்கட்டின மாப்பிள்ளையை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று நான் முணுமுணுத்தால், "உங்க கை ஓய்வெடுக்கட்டும் அத்தை, வாய் உழைக்கட்டும்" என்பார். நறுக்கென்று வரும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் மகளுக்குக் காலில் வீக்கம் வந்தது. காலையில் போட்டுக்கொண்டு போன செருப்பை மாலையில் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பிறகு சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பெண். சத்தமே போடாமல் பேசுவார். அதுதான் பயமாக இருக்கும்.

"கிட்னி பாதிக்கு மேல வேலை செய்யல" என்றார். "போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தணும். இப்ப நிக்கற இடத்துலயே நின்னா மாத்திரையோட ஓட்டலாம். இன்னும் கீழ இறங்கினா, மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்றதுக்குத் தயாராகணும்."

சாப்பாட்டைப் பற்றி ஒரு பெரிய தாள் கொடுத்தார். உப்பு மிகக் குறைவாக வேண்டும். இறைச்சியோ மீனோ உள்ளங்கை அளவுதான். அதோடு, காயிலும் பழத்திலும் பொட்டாசியம் என்று ஒரு சத்து இருக்கிறதாம். மற்றவர்களுக்கு நல்லது, இவளுக்கு ஆகாது. இவள் சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயமே தடுமாறும். அதனால் காயை நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிறு திங்கள் போய், ரத்தம் கொடுக்கும் நாள், மாத்திரை வாங்கும் நாள் என்று ஆனது. எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளைதான். ஒருமுறை இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கென்று கொடுத்த பெரிய கேனைப் பட்டறைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வழக்கமாகப் பார்க்கிற கண்டக்டர், "என்ன சார், பட்டறைப் பெயிண்டைக் கையோட கொண்டுபோறீங்களா? என்ன கலர்?" என்று கேட்டாராம்.

"இளமஞ்சள்" என்றிருக்கிறார் இவர். "ரொம்ப அபூர்வம். மூடியைத் திறந்துடாதீங்க."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது என் மகள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். ஏனென்றால் அதற்குள் சாப்பாட்டு மேஜை அவளுக்கு விரோதியாகியிருந்தது. அவளுக்கென்று ஒரு சின்னச் சட்டி. வெந்த கோஸ், வெந்த பீன்ஸ், உப்பில்லாத சோறு. "துணி அலசின தண்ணி மாதிரி இருக்கு" என்பாள். "உங்க தட்டைப் பார்த்தா என் தட்டு வெறுத்துப்போகுது" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுவாள். முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். ஒரு மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டாள். சாப்பிடாமல் இருப்பதும் ஆபத்துதான் என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

நாலு பேர் உட்காருகிற மேஜை எங்களுடையது. நாலு நாற்காலியும் நாலு விதம். அதில் ஒன்று காலியாகக் கிடந்தால் மற்ற மூன்று பேருக்கும் சோறு இறங்குமா? ஒரு வாரம் பார்த்தார் மாப்பிள்ளை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நாளையிலிருந்து வீட்டுல ஒரே சட்டி."

"ஒரே சட்டின்னா?" என்றேன்.

"அவ சாப்பிடறதைத்தான் எல்லாரும் சாப்பிடறோம்."

"அப்பா, அது துணி அலசின தண்ணி!" என்றாள் பேத்தி.

"கடைசிவரை அலசின தண்ணியாவே இருந்தா நான் எதுக்கு இருக்கேன்?"

படுக்கையறையிலிருந்து மகள் கத்தினாள். "எனக்காக யாரும் தண்டனை அனுபவிக்க வேணாம்!"

"தண்டனையா இல்லையான்னு சாப்பிட்டுட்டுச் சொல்லு."

நான் விடவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க, மாப்பிள்ளை?"

"அத்தை, வெள்ளைக் கார்ல நான் கறுப்பு போடறேன். கறுப்பு போட்டதாலதான் அது வெள்ளையாத் தெரியுது. உப்புன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கறதுல பாதி உப்பே இல்ல. எது எதுன்னு கண்டுபிடிக்கறேன்."

கண்டுபிடித்தார். டாக்டரிடம் போய், எதெல்லாம் கூடும், எவ்வளவு கூடும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குப் பட்டறையிலிருந்து வந்தால் நேரே அடுப்படி. வெங்காயத்தைக் கறுப்பதற்கு ஒரு நொடி முன்வரை வதக்கிப் பார்த்தார். பூண்டைப் பச்சையாக, வறுத்து, சுட்டு, மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார். மிளகை முதலில் போட்டால் ஒரு ருசி, இறக்கிய பின் போட்டால் வேறு ருசி. கடைசியில் இரண்டு சொட்டு வினிகர். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஜன்னல் கட்டையில் வரிசையாகச் சின்னத் தட்டுகளில் வைத்துவிடுவார். உடனே ருசி பார்க்க மாட்டார். ஆறிய பிறகுதான். "சூட்டுல நாக்கு ஏமாறும் அத்தை. ஈரப் பெயிண்ட் மாதிரிதான்." நாற்பது வருடம் கொதிக்கக் கொதிக்க உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவள் நான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆறின தட்டில் நானும் ஒருநாள் திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.

உப்பை ஒரேயடியாக நிறுத்தவும் இல்லை. எங்கள் மூவருக்கும் வாரம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அவளுடைய பங்கை முதலிலேயே தனியாக எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சேர்ப்பார். மூன்றாவது வாரம் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. சட்டி ஒன்றாகிவிட்டது. என் தட்டருகே மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி. "உங்க தட்டுல என்ன வேணா போட்டுக்கோங்க. சட்டியில மட்டும் கை வைக்கக்கூடாது." சரி என்றேன். பேத்தி பள்ளிக்கூடத்துப் பையில் சிப்ஸ் பாக்கெட் ஒளித்து வைத்திருந்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதடி.

அந்த வாரம் என் மகள் தட்டோடு வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாரும் ஒண்ணா அழறீங்க, நானும் வந்து சேர்ந்துக்கறேன்" என்றாள். ஆனால் பாதித் தட்டுதான் காலியாயிற்று. நேற்றைக்குப் பாதி, இன்றைக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல். மாப்பிள்ளைக்கு அதுவே போதும். நாளைக்கு இன்னும் ஒரு சொட்டு என்பார். நான் பெற்றவள், எனக்குப் பொறுக்குமா? கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டேன். "பிரஷர்காரங்களுக்குன்னு ஏதாவது உப்பு இருக்கா?"

"இருக்கே பாட்டி! உப்பு கம்மியான உப்புன்னே வந்திருக்கு. எல்லாரும் இப்ப இதைத்தான் வாங்கறாங்க. பாருங்க, இதயம் படம் போட்டிருக்கு."

எழுத்துத்தான் எனக்குப் படிக்கத் தெரியாது. படம் தெரியும். சிவப்பாக, கொழுகொழுவென்று ஒரு இதயம். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வாங்கி வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மாப்பிள்ளை சமைத்து, தட்டுகளை ருசி பார்த்து, மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அந்தப் பத்து நிமிஷம் போதாதா? சட்டிக்கு இரண்டு சின்னக் கரண்டி. போட்டுக் கலக்கி மூடிவிட்டேன்.

அன்று என் மகள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். "இன்னைக்கு நல்லா இருக்கே!" என்றாள். என் மாப்பிள்ளையின் முகத்தில் எத்தனை கலர்! தன் பூண்டும் மிளகும்தான் கடைசியில் உப்பு மாதிரி ருசிக்கிறது என்று நினைத்துவிட்டார். நான் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்கும் கர்வம்தான். மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். மூன்று வாரம்.

ஆனால் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. சாப்பிடும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். "அடிநாக்குல ஒரு கசப்பு வருது. யாருக்கும் தெரியலையா?" யாருக்கும் தெரியவில்லை. அலுமினியச் சட்டிதான் காரணம் என்று எவர்சில்வர் சட்டி வாங்கினார். கசப்பு போகவில்லை. குழாய்த் தண்ணீரை மாற்றினார். போகவில்லை. அடுத்து சந்தேகம் தன்மேல் திரும்பியது. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பேத்தி மாற்றி மாற்றிக் கொடுத்த டம்ளர்களைக் குடித்து, எதில் உப்பு, எதில் சர்க்கரை, எதில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. "இருபத்திரண்டு வருஷம் பெயிண்டைக் கரைக்கற தின்னரை மோந்தவன். அது என் நாக்கைத் தின்னுடுச்சு போல இருக்கு" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மகளின் தட்டு காலியாகிறதே என்ற சந்தோஷம் என் வாயை அடைத்திருந்தது.

மூன்று மாதப் பரிசோதனைக்குக் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மத்தியானமே ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உடனே வாங்க." நானும் கூடப் போனேன். பொட்டாசியம் எகிறியிருக்கிறதாம். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், தண்ணீரில் கலக்கி ஏதோ பொடி கொடுத்தார்கள். மாலைவரை படுக்க வைத்துத்தான் அனுப்பினார்கள்.

"வீட்டுல புதுசா என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். மாப்பிள்ளை நோட்டை நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இதுல தப்பு எதுவும் தெரியலையே. பழம், ஜூஸ், இளநீர்?"

"ஒரு துளி கூட இல்ல டாக்டர்."

"அப்ப அளவு எங்கயோ தப்பியிருக்கு. இனிமே சொந்த முயற்சி வேணாம். தாள்ல இருக்கறதை மட்டும் வேகவெச்சுக் கொடுங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம்."

"தப்பு என்னோடதுதான் டாக்டர். ருசி பார்க்கற இடத்துல எனக்கு நாக்கு சரியில்ல" என்றார் அவர். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பழத்துச் சமாச்சாரத்துக்கும் என் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். ஜன்னல் கட்டையில் இருந்த சின்னத் தட்டுகளை எல்லாம் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் அலமாரியில் வைத்தார். நோட்டையும் வைத்தார். அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. என் மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். கதவு மூடிய சத்தம் கேட்டது. எங்கள் மூன்று தட்டிலும் உப்புப் போட்ட சாப்பாடு. மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். மென்றார். "இப்ப கசப்பு இல்ல. இல்ல, எனக்குத்தான் எதுவும் தெரியலையோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டைத் தள்ளிவைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவள் நான். ஆனால் எதிரே ஒரு மனுஷன் தன் நாக்கை நம்பாமல் உட்கார்ந்திருக்கும்போது எப்படி விழுங்குவது? எழுந்து போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பாக்கெட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன்.

"உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் சட்டியில கை வெச்சேன். மூணு வாரமா."

பேத்தி பாக்கெட்டைப் புரட்டினாள். பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். "அப்பா, இதுல பாதி பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோய் உள்ளவங்க டாக்டரைக் கேட்காம சாப்பிடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். சும்மா ஒரு உப்பைப் போட்டேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் எழுந்தேன். என் மகளின் நெஞ்சில் கம்பி ஒட்ட வைத்தது என் கை என்று அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை பாக்கெட்டை வாங்கி, விரலில் துளி உப்பை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திடீரென்று மேஜையைத் தட்டினார். தட்டுகள் குதித்தன. "இதுதான்! இதே கசப்பு! நான் சொன்னேனா இல்லையா? அடிநாக்குலதான் வரும்னு சொன்னேனா இல்லையா?" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்த என் மகள், நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். என்னையே பார்த்தாள். "என்னைக் காப்பாத்தக் கிளம்பினவங்களிலேயே நீதாம்மா ரொம்ப வேகம்" என்றாள். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கியது. "அத்தை, போட்டதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல. தெரியாமப் போட்டீங்க. ஆனா நாக்கு செத்துப்போச்சுன்னு நான் மூணு வாரம் தவிச்சேன். எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே."

மன்னித்துவிடு என்ற வார்த்தை என் வாயில் வராது. என் சுபாவம் அப்படி. மறுநாள் விடிந்ததும் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீரை இரண்டு தடவை மாற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை காய் ஊறவைக்கிற வேலை என்னுடையது. யாரும் சொல்லவில்லை. யாரும் தொடவும் விடமாட்டேன்.

காலையில் அவர் பாக்கெட்டோடு டாக்டரிடம் போனார். நானும் போனேன், ஒளிந்துகொள்கிறவள் இல்லை நான். டாக்டர் பாக்கெட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "இதைப் பத்தித் தனியாச் சொல்லியிருக்கணும். எங்க தாள்லயும் இது இல்ல" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "கசப்பு இருக்குன்னு மூணு வாரமாச் சொல்லிக்கிட்டா இருந்தீங்க? இத்தனை பூண்டுக்கும் மிளகுக்கும் நடுவுலயா?" என்று கேட்டார். அவர் தலை குனிந்துகொண்டார். நான்தான், "ஆமா டாக்டர், சொன்னார். வீட்டுல யாருக்கும் தெரியல, அவருக்கு மட்டும் தெரிஞ்சுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

தன் அறைக் கதவுக்கு வெளியே எச்சரிக்கையாக ஒரு தாள் ஒட்டப்போவதாக டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "எழுத்து மட்டும் போதாது டாக்டர். அந்தப் பாக்கெட்டைப் படமாப் போட்டு, மேல குறுக்கால ஒரு கோடு போடுங்க. படத்தைப் பார்த்து வாங்கறவங்களும் இருக்காங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவர். இப்போதும் அந்தக் கதவில் அந்தப் படம் இருக்கிறது. சிவப்புக் கோடு போட்டது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே அறிவிப்பு.

நாலு நாளில் பொட்டாசியம் இறங்கியது. டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "உங்க ஒரே சட்டியை வைங்க" என்றார். சின்னத் தட்டுகள் மறுபடி ஜன்னல் கட்டைக்கு இறங்கின. இந்த முறை என் மகளுக்கு ருசி பழக இன்னும் ஐந்து வாரம் ஆனது. குறுக்கு வழி எதுவும் இல்லை. ஒரு கரண்டி, ஒரு கரண்டியாகத்தான் அவள் தட்டு காலியாகத் தொடங்கியது. போன நாலு கிலோவில் மூன்று திரும்பி வந்தது. சிப்ஸ்காரிக்கும் நாக்கு மாறிவிட்டது. வெளியே எங்காவது சாப்பிட்டால், "ஐயோ, ஒரே உப்பு" என்று முகம் சுளிக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி பெரிய பரிசோதனை. டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். இருந்தது இரண்டு நாற்காலி. "கிட்னி அப்படியே நிக்குது. ஆறு மாசமா ஒரு புள்ளி இறங்கல" என்றார். அப்படியே நிற்கிறது என்றால் நல்லதா கெட்டதா என்று நான் கேட்டேன். "இதைவிட நல்ல செய்தி என்கிட்ட கிடையாது பாட்டி" என்றார்.

பட்டறைக்காரர்களே, உங்கள் ஒருசொட்டு இரண்டு கதவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் செய்கிறவர் என்று உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி வித்தியாசமே இல்லாத அந்த இரண்டு பரிசோதனைத் தாள்களையும் நீங்கள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மீன் வாங்கி வந்தார். ஆளுக்கொரு துண்டு, அதற்குமேல் ஒன்று மிஞ்சியது. என் மகளும் பேத்தியும் ஒரே சமயத்தில் கரண்டியை நீட்டினார்கள்.

"நோயாளிக்கு விட்டுக்கொடுடி" என்றாள் என் மகள்.

"டாக்டர் உள்ளங்கை அளவுன்னுதானே சொன்னாங்க. நீ முடிச்சாச்சு" என்றாள் பேத்தி.

"என் உள்ளங்கை பெருசு!"

"என்னங்க, சொல்லுங்க இவகிட்ட" என்று புருஷனிடம் நியாயம் கேட்டாள் என் மகள். அவர் அவள் தட்டைப் பார்த்தார். முள்ளைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டி அவள் தட்டில் வைத்தார். மிச்சம் பேத்திக்குப் போனது. "அவ்வளவுதான்" என்றார். "அநியாயம்" என்றாள் என் மகள். சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டு முடித்து, நாளைக்கு என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டாள்.